கடற்கரைச் சுற்றுலா: எவ்வளவு தாங்கும்? (கேள்வி பதில்)

கேள்வி: ஒரு கடற்கரை எத்தனை பேரைத் தாங்கும் என்று எப்படிக் கணக்குப் போடுவது? ஆளுக்கு இத்தனை சதுர மீட்டர் மணல் என்று வகுத்தால் போதுமா?

பதில்: போதாது. மணலில் இடம் இருக்கும், குடிக்கத் தண்ணீர் இருக்காது. எது முதலில் தீர்கிறதோ அதுதான் எல்லை. பெரும்பாலும் அது நிலத்தடி நீர், இல்லையென்றால் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் திறன். கரையோரத்தில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் 1 மீட்டர் இறங்கினால் அடியிலுள்ள உப்புநீர் சுமார் 40 மீட்டர் மேலேறும் என்பது நீரியலில் பழைய கணக்கு. நீச்சல்குளத்துக்கு உறிஞ்சும் தண்ணீர் பக்கத்துக் கிணற்றை உப்பாக்குவது இப்படித்தான். உப்பேறிய கிணறு சீக்கிரம் மீளாது.

பிலிப்பைன்சின் போராக்காய் தீவை 2018 ஏப்ரலில் ஆறு மாதம் மூட வைத்ததும் கழிவுநீர்தான். திறக்கும்போது, ஒரே சமயத்தில் 19,215 சுற்றுலாப் பயணிகள் என்று வரம்பு வைத்தார்கள். விடுதிகள் எழும்புவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு அது.

கேள்வி: கடல் அரிக்கிறது. விடுதிக்கு முன்னால் கல்சுவர் கட்டலாமா?

பதில்: தயவுசெய்து அவசரப்படாதீர்கள். சுவரில் மோதித் திரும்பும் அலை அடிமணலை வாரிக்கொண்டு போகும். சுவர் நிற்கும், கரை போய்விடும். அப்புறம் சுவர் முடிகிற இடத்தில் பக்கத்துக்காரர் நிலம் அரிக்கும். உண்மையான காவல் மணல்மேடுதான். புயலில் மணலைக் கடலுக்குக் கொடுத்து, அமைதியான மாதங்களில் திரும்ப வாங்கிக்கொள்ளும். கடல் தெரியவில்லை என்று அதைச் சமன்செய்வதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கொதிக்கிறது. கட்டடத்தைப் பின்னால் தள்ளிக் கட்டுங்கள், மணலைப் பிடித்து வைக்கும் அடும்புக்கொடியைப் பிடுங்காதீர்கள்.

கேள்வி: கொஞ்ச நாள் மூடிவைத்தால் பவளப்பாறை தானே திரும்பிவிடுமா?

பதில்: மூடினால் மட்டும் போதாது. தாய்லாந்தின் மாயா விரிகுடாவை 2018 ஜூனில் மூடி 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இடையில் பவளத்துண்டுகளைக் கையால் நட்டார்கள். சுறாக்கள் திரும்பி வந்தன. இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் நுழையக்கூடாது, தீவின் பின்பக்கம்தான் நிறுத்த வேண்டும். நங்கூரம் ஒரு நொடியில் உடைப்பது வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

கேள்வி: ஆமைகள் முட்டையிடும் கரையில் விளக்கு?

பதில்: கடல் பக்கம் தெரியாதபடி, தாழ்வாக, செம்மஞ்சள் நிறத்தில். வெள்ளை விளக்கு குஞ்சுகளைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுக்கும்.

கேள்வி: வரம்பு வைத்தால் உள்ளூர்க்காரர் பிழைப்பு என்னாவது?

பதில்: நியாயமான பயம். கரையை மூடினால் முதலில் கூலி இழப்பவர் படகோட்டியும் அறை துடைப்பவரும்தான். அதனால்தான் தொடக்கத்திலேயே வரம்பு வேண்டும் என்கிறேன். அனுமதிச் சீட்டுகளில் உள்ளூர்ப் படகுகளுக்கு முதலுரிமை கொடுங்கள். மீனவர் வலை உலர்த்தும் இடத்தையும் படகு ஏற்றும் வழியையும் வரைபடத்தில் முதலில் குறியுங்கள். மிச்சமிருக்கும் இடத்தில் விடுதியைப் பற்றிப் பேசலாம்.