மழைக்கு முன் கடைக் கட்டிடம்: எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: வெள்ளவத்தையில் காலி வீதியோரம் எங்களுக்கு இரண்டு மாடிக் கட்டிடம் இருக்கிறது. கீழே எங்கள் புடவைக் கடை, மேலே வாடகைக்கு விட்ட அலுவலகம். போன நவம்பரில் மேல் சிலாப் ஒழுகி அலுவலகத்துக் கணினிகள் நனைந்தன. கட்டிட வேலை செய்யும் பாஸ் (மேசன்) வந்து பார்த்துவிட்டு, "வாட்டர்புரூபிங் ரெண்டு கோட் அடிச்சா சரி" என்கிறார். புறக்கோட்டையில் ஒரு கடைக்காரர் அக்ரிலிக் பூச்சு வாளியைக் காட்டுகிறார், பக்கத்துக் கடைக்காரர் சீமெந்து வகைதான் நிற்கும் என்கிறார். ஒக்டோபர் மழைக்கு முன் எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம். முதலில் ஒரு மழை விட்டதும் மேலே ஏறிப் பாருங்கள். சிலாப்பில் எங்காவது தண்ணீர் தேங்கி நிற்கிறதா? வடிகுழாயின் வாயில் இலையும் பொலித்தீனும் அடைத்துக் கிடக்கிறதா? கொழும்பில் சிலாப் ஒழுகுகிறது என்று வரும் முறைப்பாடுகளில் பல, உண்மையில் தண்ணீர் போக வழியில்லாத முறைப்பாடுகள். வழியில்லாமல் நிற்கிற தண்ணீர் இன்றைக்கோ நாளைக்கோ ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர். 1,000 சதுர அடி சிலாப் ஏறக்குறைய 93 சதுர மீற்றர். அதில் 50 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 4,600 லீற்றருக்கு மேல், அதாவது 1,000 லீற்றர் தாங்கியில் நாலரைத் தாங்கி. ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடி முழக்கத்தோடு வரும் மழைக்கு 50 மில்லிமீற்றர் பெரிய விஷயமே இல்லை. 2010 நவம்பரில் ஒரே இரவில் கொழும்பில் 400 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டி, பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் போனது. இவ்வளவு தண்ணீரும் உங்கள் சிலாப்பில் ஒரேயொரு குழாய் வழியாகத்தான் இறங்க வேண்டும் என்றால், இரண்டாவது குழாய் ஒன்றைப் போடும் செலவுதான் முதல் செலவு. வாளி அதற்குப் பிறகு.

குழாய்களைத் துப்புரவாக்கிய பிறகும் ஒழுகினால் ஒரு சோதனை செய்யுங்கள். சிலாப்பின் ஒரு பகுதியைச் சுற்றிச் சின்ன வரம்பு கட்டி, ஒரு அங்குலம் தண்ணீர் விட்டு, 24 மணித்தியாலம் விடுங்கள். கீழே எந்த இடம் ஈரமாகிறது என்று குறித்துக்கொண்டு, அடுத்த பகுதிக்குப் போங்கள். முழுச் சிலாப்பையும் ஒரேயடியாக நிரப்ப வேண்டாம். பழைய கட்டிடத்துக்கு அந்தப் பாரம் கூடாது.

இனி வாளிக்கு வருவோம். அக்ரிலிக் வகையைப் பூசுவது சுலபம், வெயிலையும் தாங்கும். ஆனால் நாட்கணக்கில் தண்ணீர் நிற்கும் இடத்தில் மென்மையாகி உரிந்து வரும். சீமெந்து கலந்த இரட்டைப் பொதி வகை (பொடியும் திரவமும் தனித்தனியாக வரும், கலந்து பூச வேண்டும்) ஈரத்தை அதைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் மேலே காரையோ தரை ஓடோ பதித்து மூடினால்தான் நீண்ட காலம் இருக்கும். சிலாப்பில் பள்ளம் இருந்தால் எந்த வகைக்கும் முன்பாக, நூறு அடிக்கு ஒரு அடியாவது இறக்கம் வருகிற மாதிரிக் காரை போட்டுச் சரிவு எடுக்க வேண்டும். இதை எந்த வாளிக்காரரும் தானாகச் சொல்ல மாட்டார், அவர் விற்பது சரிவு இல்லையே!

விலையை வாளிக் கணக்கில் ஒப்பிடாதீர்கள். ஒரு வாளி, இரண்டு கோட்டில் எத்தனை சதுர அடியை மூடும் என்று பார்த்துச் சதுர அடி விலையைக் கணக்கிடுங்கள். மலிவான வாளி பல தடவை அங்கேதான் விலை கூடியதாகிவிடும். காலாவதித் திகதியையும் பாருங்கள். மூலையில் தூசு படிந்து கிடக்கும் வாளிக்கு விலைக்கழிவு தருகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கும். அப்புறம், எந்தப் பூச்சும் காய்ந்த சிலாப்பில்தான் பிடிக்கும், காயவும் சில நாள் மழையில்லாமல் இருக்க வேண்டும். ஆகவே இந்த மழைக்கு முன் குழாய், வெடிப்பு ஆகிய சின்ன வேலைகளை முடித்துவிட்டு, பெரிய பூச்சை ஜனவரி, பெப்ரவரிக்குத் தள்ளிவையுங்கள். கொழும்பில் மழை குறைந்த மாதங்கள் அவைதான்.

கேள்வி: கனடாவிலிருக்கும் தம்பி, தான் வேலை செய்யும் கட்டிடத்தில் குளிர்காலத்துக்கு முன் செய்யும் வேலைகளின் பட்டியலை அனுப்பி, "அண்ணா, இதைப் பார்த்துச் செய்யுங்கோ" என்கிறான். இங்கே பனியா கொட்டுகிறது? அதில் ஏதாவது உதவுமா?

பதில்: பாதி உதவாது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய ஒன்பது சதவீதம் விரிவதால் அங்கே குழாய் வெடிக்கும். அதற்காகத்தான் அவர்கள் குழாய்க்குக் கவசம் சுற்றுகிறார்கள், வெளிக்குழாயை வடித்துவைக்கிறார்கள். நடைபாதைக்கு உப்புப் போடுகிறார்கள். நமக்கு உப்பைக் கடற்காற்றே தாராளமாகக் கொண்டுவந்து கடை ஷட்டரைத் துருப்பிடிக்க வைக்கிறது.

மற்றப் பாதியைக் கவனியுங்கள். கூரை வடிகாலையும் பீலியையும் துப்புரவாக்குவது, கதவு யன்னல் இடுக்குகளை அடைப்பது, ஜெனரேட்டரை ஓட்டிப் பார்ப்பது எல்லாம் இங்கேயும் அப்படியே பொருந்தும். பீலி அடைத்தால் இங்கே நுளம்பும் பெருகும், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் வழக்கும் வரும். பனி அள்ளும் ஒப்பந்தத்தை அங்கே இலையுதிர் காலத்திலேயே எழுதிவிடுவார்கள். நாமோ முதல் மழை விழுந்த பிறகு பாஸைத் தேடி, அவர் சொல்லும் கூலியைக் கொடுக்கிறோம். ஓகஸ்டிலேயே அவரைப் பிடித்துவைப்பதற்குத் தம்பியின் பட்டியல் போதும்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் வாடகைக் கடை. தகரக் கூரை ஒழுகிச் சாமான் பழுதாகிறது. கட்டிடச் சொந்தக்காரர், "இன்சூரன்ஸ் எடுங்கோ" என்கிறார். கூரை யார் பொறுப்பு?

பதில்: ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பழுதுபார்ப்பு உங்கள் தலையில் என்று எழுதியிருந்தால் பேச அதிகம் இல்லை. எழுதாவிட்டால், கூரை, சுவர் போன்ற கட்டிடப் பகுதிகளைப் பயன்படுத்தத் தக்கதாக வைத்திருப்பது பொதுவாகச் சொந்தக்காரரின் கடமை. வாயால் சொன்னது போதும் என்று இருக்காமல், படங்களோடு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தகரக் கூரையில் பெரும்பாலும் தகட்டை விட ஆணியின் ரப்பர் வாசர்தான் முதலில் இற்றுப்போகும். அதை மட்டும் மாற்றுவது சின்னச் செலவு என்று தெரிந்தால் அவரும் இறங்கி வரக்கூடும்.

இன்சூரன்ஸ் எடுப்பது நல்லதுதான், ஆனால் அது கூரைக்குப் பதில் ஆகாது. சாதாரணத் தீக் காப்புறுதி என்ற பெயரில் எடுத்த பத்திரத்தில் வெள்ளமும் புயலும் தானாக அடங்காது, மேலதிகமாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். பராமரிக்காத கூரையால் மெல்ல மெல்ல ஒழுகி வந்த சேதத்துக்குப் பணம் கேட்டால் மறுக்க இடமுண்டு. இன்னொன்று, 50 இலட்சம் சாமானை 25 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், பாதிப் பெறுமதிக்குத்தான் காப்புறுதி என்று சொல்லி, பத்து இலட்சம் சேதத்துக்கு ஐந்து இலட்சம்தான் தருவார்கள். தவணைப் பணத்தை மிச்சம்பிடிக்கத் தொகையைக் குறைத்துச் சொல்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சேதமான சாமானை மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை வீசவும் வேண்டாம்.

கேள்வி: "பத்து வருட உத்தரவாதம்" என்று சொல்லி ஒரு நிறுவனம் பூச்சு அடித்தது. இரண்டு மாதத்தில் மீண்டும் ஒழுகுகிறது. தொலைபேசியை எடுக்கிறார்கள் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: பத்து வருடம் எதற்கு? வாளிக்குள் இருக்கும் பொருளுக்கா, அடித்த வேலைக்கா? பல பத்திரங்களில் பொருளுக்கு மட்டும்தான் இருக்கும். கையில் உள்ளதை முழுவதும் வாசித்துவிட்டு, முதலில் அவர்களுக்கு எழுத்தில் திகதி குறித்து ஒரு அவகாசம் கொடுங்கள். அது நீள வேண்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்ய, சேவை பெற்றதிலிருந்து மூன்று மாதம்தான் காலம். இரண்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. ரசீது, கொட்டேஷன், ஒழுகும் இடத்தின் படம், வட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் பிரதி எடுத்து இணையுங்கள். விவரம் கேட்க 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். ரசீது தரவில்லை என்றால் அதையும் முறைப்பாட்டில் எழுதுங்கள், கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்திலேயே இருக்கிறது.