காப்பை அடகு வைத்துப் பெயின்ற் அடிக்கலாமா?

கேள்வி: நாங்கள் திருகோணமலையில், அலஸ்தோட்டத்தில் இருக்கிறோம். கடற்கரைக்கும் வீட்டுக்கும் நடுவே 400 மீற்றர்கூட இல்லை. ஓட்டுக் கூரை, மூன்று அறை, பின்னால் சீற் போட்ட குசினிப் பத்தி. கணவரின் சம்பளமும் என் பாலர் பாடசாலைச் சம்பளமும் சேர்ந்து மாதம் 95,000 ரூபாய் கைக்கு வரும். எட்டு வருடத்துக்குப் பிறகு கனடாவில் இருந்து அண்ணா குடும்பத்தோடு தைப்பொங்கலுக்கு வருகிறார். அதற்குள் வீட்டைக் கழுவித் துடைத்து, உள்ளும் வெளியும் பெயின்ற் அடித்துவிட ஆசை. வந்து பார்த்த மேசன் சாமானும் கூலியுமாக 285,000 கேட்கிறார். சேமிப்பில் 120,000 இருக்கிறது. மிச்சத்துக்கு என் காப்பை அடகு வைக்கலாம் என்றால் வங்கியில் வருடத்துக்கு 14 வீத வட்டி என்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன்புதான் அடித்தோம். வடக்குப் பக்கச் சுவர் அதற்குள் உரிந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: காப்பு கையிலேயே இருக்கட்டும். அடகு வைப்பதே கூடாது என்று சொல்ல வரவில்லை. திடீர் ஆஸ்பத்திரிச் செலவு என்றால் நானே வங்கிக்குப் போகச் சொல்லியிருப்பேன். ஆனால் ஐப்பசியில் கடிதம் எழுதி, தைக்குள் வெளிச்சுவருக்குப் பெயின்ற் அடித்து முடிக்க நினைக்கிறீர்கள். திருகோணமலைக்கு வருடம் முழுவதும் பெய்கிற மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான் பெய்கிறது. வாடை அடித்து, மழை சுவரில் சாய்ந்து விழுகிற மாதங்கள் இவை. காசுத் தாளை ஈரச் சுவரில் ஒட்டி வைத்தால் எத்தனை நாள் நிற்குமோ, அத்தனை நாள்தான் அந்தப் பெயின்றும் நிற்கும்.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது நினைவிருக்கும். அதற்கு இரண்டு கிழமை கழித்து, ‘பொங்கலுக்கு வீடு வெளிச்சமாக இருக்க வேண்டும்’ என்று நானும் ஆள் பிடித்து அடித்தேன். சுவர் தொட்டுப் பார்க்கக் காய்ந்துதான் இருந்தது. மாசிக் கடைசியில் சன்னலுக்குக் கீழே உள்ளங்கை அளவில் ஒரு கொப்புளம். விரலால் அழுத்தினேன். உடைந்து, உள்ளிருந்து தண்ணீர் கோடாக வழிந்தது. பெயின்றின் பின்பக்கத்தில் சாந்து வெள்ளைத் தூளாக ஒட்டிக்கொண்டு வந்தது. நிதி ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறவனின் வீட்டுச் சுவர்!

இப்போது உங்கள் கணக்கு. 285,000இல் 120,000 போனால் மிச்சம் 165,000. அதற்கு 14 வீதம் என்றால் வருடத்துக்கு 23,100, மாதத்துக்கு 1,925 ரூபாய். இது வட்டி மட்டும். முதல் அப்படியே நிற்கும். சேமிப்பும் வெறுமையாகிவிடும். தவணை தவறினால் காப்பு ஏலத்துக்குப் போகும். இதைவிடப் பெரிய கணக்கு ஒன்றைப் பலர் பார்ப்பதில்லை. 285,000 ரூபாய்ப் பெயின்ற் ஐந்து வருடம் நின்றால் அதன் விலை மாதம் 4,750. மூன்று வருடத்தில் உரிந்தால் மாதம் 7,900க்கு மேல். பெயின்றும் அதேதான், மேசனும் அவரேதான். எந்த மாதத்தில் அடிக்கிறீர்கள், அடிக்கும்போது சுவர் எப்படி இருந்தது என்பதுதான் அந்த 3,000 ரூபாய் வித்தியாசம். போன தடவை எந்த மாதம் அடித்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதுவும் ஒரு பொங்கலுக்கு முன்புதான் என்று பந்தயம் கட்டுகிறேன்.

ஆகவே முதல் ரூபாய் தண்ணீரை நிறுத்தப் போக வேண்டும். நிறம் கடைசி.

அந்த வடக்குச் சுவரைப் போய்ப் பாருங்கள். உரிந்த இடம் எங்கே இருக்கிறது? தரையில் இருந்து முழங்கால், இடுப்பு உயரம் வரை என்றால் ஈரம் கீழிருந்து ஏறுகிறது. மேலே, கூரை ஓரத்தில் இருந்து கறை இறங்கியிருந்தால் ஓட்டிலோ, கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலியிலோ கோளாறு. நடுவில் திட்டுத் திட்டாக என்றால் வெளிப்பூச்சில் மயிர் அளவு வெடிப்பு இருக்கும், சாரல் அதற்குள்ளால் போகிறது. இன்னும் சந்தேகமா? உள்பக்கச் சுவரில் ஒரு முழம் பொலித்தீனை நாலு பக்கமும் ரேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனுக்குப் பின்னால் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. முன்பக்கத்தில் கோத்திருந்தால் அறைக்குள் காற்றோட்டம் போதாது, சன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகிவிடும். இந்தப் பரிசோதனைக்குச் செலவு ஒரு ரேப் சுருள்.

கீழிருந்து ஏறுகிற ஈரத்துக்கு நம் ஊரில் அடிக்கடி காண்கிற காரணம் ஒன்று உண்டு. வெள்ளம் நிற்கிறது என்று வளவுக்கு மண் போட்டு உயர்த்துவார்கள், அல்லது சுவரோடு சேர்த்துப் பூக்கன்றுப் பாத்தி கட்டுவார்கள். வெளியே மண் வீட்டு நிலத்தைவிட உயர்ந்துவிடும். பிறகு சுவர் திரிபோல ஈரத்தை உறிஞ்சும். அங்கே ஆயிரம் ரூபாய்ப் பெயின்றும் ஒன்றுதான், பத்தாயிரம் ரூபாய்ப் பெயின்றும் ஒன்றுதான். சுவரை ஒட்டி இரண்டு அடி அகலத்துக்கு மண்ணை வெட்டி இறக்குங்கள், சரிவு வெளிப்பக்கம் போகட்டும். ஒரு மண்வெட்டியும் ஒரு சனிக்கிழமையும் போதும்.

கூரைக்கு மட்டும் மழை இறுகுவதற்கு முன் ஆளைக் கூப்பிடுங்கள். முகட்டு ஓட்டுச் சாந்து வெடித்திருக்கும், குரங்கு பாய்ந்த இடத்தில் ஓடு விலகியிருக்கும். நல்ல வெயில் நேரத்தில் சீலிங்குக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தால் ஒழுக்கு இருக்கிற இடமெல்லாம் நட்சத்திரம்போல மினுங்கும். அவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு அதற்கு மட்டும் விலை கேளுங்கள். ‘கூரை வேலை’ என்று மொத்தமாகக் கேட்டால் மொத்தமாகத்தான் சொல்லுவார்கள்.

பீலிக்குள் கிடக்கிற வேப்பஞ் சருகை அள்ளுவது உங்கள் வீட்டு வேலையாகவே இருக்கட்டும். அது பணத்தை மட்டும் மிச்சப்படுத்துகிற காரியம் அல்ல. 2017 தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது நம் மாவட்டம் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். அடைபட்ட பீலியில் நிற்கிற தண்ணீருக்குள் ஒரு கிழமை, பத்து நாளில் நுளம்பு பறந்துவிடும். அந்த முட்டை காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் அள்ளினால் மட்டும் போதாது, தும்புத்தடியால் உரசிக் கழுவவும் வேண்டும்.

குசினிப் பத்தியின் சீற் அஸ்பெஸ்ரஸ் என்றால், பாசியைக் காயவைத்துக் கம்பித் தூரிகையால் சுரண்ட வேண்டாம். அந்தத் தூசி நெஞ்சுக்குக் கேடு. ஒழுகாவிட்டால் அப்படியே விடுங்கள்.

அடுத்தது துரு. உங்கள் சன்னல் கிறிலை ஈர விரலால் துடைத்து நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். மழையில் நனைகிற கேற்றைவிட, தாழ்வாரத்துக்குள் நனையாமல் இருக்கிற கிறில்தான் சில வீடுகளில் முதலில் துருப்பிடிக்கும். கேற்றில் படிகிற உப்பை மழை கழுவிவிடுகிறது, தாழ்வாரத்துக் கிறிலில் படிகிறதைக் கழுவ யாரும் இல்லை. மாதம் ஒரு தடவை ஒரு வாளி நல்ல தண்ணீரும் ஒரு பழைய துணியும் போதும். குறுக்குக் கம்பியின் அடிப்பக்கத்தை விட்டுவிடாதீர்கள், துரு அங்கேதான் தொடங்கும். தொடங்கிய இடத்தை சான்ட்பேப்பரால் தேய்த்து, துரு தடுக்கும் பிறைமர் ஒரு கை, பிறகு பெயின்ற். கொங்கிறீட் தட்டில் வெடிப்போடு பழுப்புக் கறை தெரிந்தால் அதை மேசனிடம் காட்டிவிடுங்கள். உள்ளே கம்பி துருப்பிடித்தால் ஊதும், ஊதினால் கொங்கிறீட்டைப் பிளந்து தள்ளும். இன்றைக்குச் சில ஆயிரத்தோடு முடிகிற வேலை, விட்டால் தட்டையே மாற்ற வைக்கும்.

சரி, காசைப் பிரிப்போம். 120,000இல் 40,000ஐத் தொடாதீர்கள். மாரி காலத்தில் கையில் காசில்லாமல் இருப்பது புத்தியில்லை. மிச்சம் 80,000. இதில் கூரைக்கும் பீலிக்கும் 35,000 வரை போகலாம். கேற்றுக்கும் கிறிலுக்கும் 12,000. கிணறு இறைத்துக் குளோரின் போட 5,000 வைத்திருங்கள், ஆனால் இப்போது இறைக்க வேண்டாம். ஆவணியில் தண்ணீர் அடியில் கிடக்கும்போது இறைத்தால் கூலியும் குறைவு, சேறும் முழுதாக வரும். கடைசி 28,000 அண்ணாவின் வரவுக்கு. ஹோலுக்கும் விறாந்தைக்கும், அதுவும் ஈரமில்லாத சுவர்களுக்கு மட்டும் பெயின்ற் அடியுங்கள். மழைவிட்ட நாலைந்து நாள் கிடைக்காமல் போகாது. மதிலில் ஏற்கெனவே பெயின்ற் இல்லாவிட்டால் சுண்ணாம்பு அடிக்கலாம். மலிவு, சுவரும் மூச்சு விடும். பெயின்றுக்கு மேல் மட்டும் சுண்ணாம்பு பூசாதீர்கள், ஒட்டாது.

வடக்குச் சுவரைப் பங்குனி வரை விடுங்கள். கோணேசர் கோயில் கொடியேறுகிற நேரத்து வெயிலில் அது தானாகவே காயும். வெடிப்பை அடைத்து, புதுப் பூச்சு என்றால் நாலு கிழமை ஆறவிட்டு, அதன்பிறகு அடியுங்கள். மற்ற வெளிச்சுவர்களைக் கச்சான் காற்று வீசுகிற வெயில் காலத்துக்குத் தள்ளிவைத்தால் இன்னும் திறம். அந்த மாதங்களில் பெயின்ற் அடிக்கிறவர்களும் பொங்கல் காலம்போல அலைமோதுவதில்லை, கூலி பேச இடம் இருக்கும். சாமானை நீங்களே ஹாட்வெயார் கடையில் வாங்கிக் கொடுங்கள். கொந்தராத்தாகக் கொடுத்தாலும் முற்பணமாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நல்ல மேசன் இதற்குக் கோபிக்க மாட்டார்.

அதற்குக் காசு எங்கிருந்து வரும்? சம்பளம் விழுகிற நாளே 6,000 ரூபாயை வீட்டுக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள். அடகு வைத்திருந்தால் 1,925ஐ வட்டியாகவே கட்டியிருப்பீர்கள் அல்லவா, அதோடு இன்னும் 4,075. பங்குனிக்குள் 30,000 சேர்ந்துவிடும், வருடம் முடிய 72,000. சீட்டுப் போடலாமே என்று கேட்பீர்கள். தெரிந்த பத்துப் பேர் சேர்ந்த சீட்டு என்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உங்களுக்குக் காசு வேண்டிய மாதத்தில் முறை வராவிட்டால் மறுபடி மார்கழியில்தான் பெயின்ற் அடிப்பீர்கள். வங்கியில் போடுகிறபோது இன்னொன்றும் கேளுங்கள். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் இருக்கிறவர் வெளிப்படுத்தல் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். உங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்தே பதினொன்றரை இலட்சத்துக்குள்தான் வருகிறது.

மிச்சம் எல்லாம் கைவேலை. விருந்தாளி கண்ணுக்கு முதலில் படுவது பெயின்ற் இல்லை, ஒட்டறையும் அலுமாரிக்குப் பின்னால் இருந்து வருகிற பூஞ்சண மணமும்தான். அலுமாரிகளைச் சுவரில் இருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். முற்றத்துப் பாசிக்குக் குளோரின் தூளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கால்மணி நேரம் விட்டுத் தேயுங்கள். மலசலகூடம் கழுவுகிற அசிட்டை மட்டும் அதோடு சேர்க்கவே கூடாது. எழும்புகிற புகை ஆளை மயக்கி விழுத்தும்.

அண்ணாவும் உப்புக்காற்றில் வளர்ந்தவர்தானே, ஒரு பக்கச் சுவர் உரிந்திருப்பதைப் பார்த்து முகம் சுழிக்க மாட்டார். வரும்போது என்ன கொண்டுவர என்று தொலைபேசியில் கேட்பார். சொக்லேற் என்று சொல்லிவிடாதீர்கள். கதவு சன்னல்களை எண்ணிப் பார்த்து, அத்தனைக்கும் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் பிணைச்சலும் திருகாணியும் வேண்டும் என்று அளவோடு எழுதி அனுப்புங்கள்.