பதில்: வழியில் அழுகிப்போன ஆர்க்கிட் செடிகள்

பூத்திருந்த ஃபெலனாப்சிஸ் என்னும் ஆர்க்கிட் வகைச் செடிகளைத் தொட்டியோடு கூரியரில் அனுப்பியதாகவும், நான்காம் நாள் பெட்டியைத் திறந்தபோது பூத்தண்டு முறிந்து நடுக்குருத்து கருத்துக் குழைந்திருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். தண்டு முறிந்தது செடி பெட்டிக்குள் ஆடியதால். குருத்து அழுகியதற்கு, வாடிவிடுமோ என்று அனுப்பும் அன்று தலையோடு ஊற்றிய தண்ணீரே காரணமாக இருக்க வேண்டும். இலைகள் கூடும் இடத்தில் தேங்கிய நீர், காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் சில நாட்களிலேயே அழுகலை வரவழைத்துவிடும். தடித்த வேர்களும் இலைகளும் நீரைச் சேமித்து வைத்திருப்பதால், வளர்ந்த செடி ஒரு வாரம் வரை தண்ணீரின்றித் தாங்கும். எனவே அனுப்புவதற்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே நீர் ஊற்றுவதை நிறுத்தி, குருத்தில் ஈரம் தெரிந்தால் டிஷ்யூ தாளின் நுனியால் ஒற்றி எடுங்கள்.

தொட்டியின் வாயில் கசக்கிய தாளைத் திணித்துக் குறுக்கே டேப் ஒட்டினால் மண்ணுக்குப் பதிலாகத் தொட்டியில் இட்டிருக்கும் மரப்பட்டைத் துண்டுகள் சிதறமாட்டா. பூத்தண்டைக் குச்சியோடு சில இடங்களில் கட்டி, தொட்டியைப் பெட்டியின் அடியோடு அசையாமல் பிணைத்தபின், மெல்லச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே எதுவும் நகரக் கூடாது. பக்கவாட்டில் சில துளைகள் இடுங்கள். செடியை பிளாஸ்டிக் உறையில் மூடவே மூடாதீர்கள். என்னைக் கேட்டால், பூத்த செடியை அனுப்பாமலிருப்பதே நல்லது, ஏனெனில் எவ்வளவு கவனமாகக் கட்டினாலும் மொட்டுகள் பயணத்தில் உதிரக்கூடும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) உடன்படிக்கைக்குள் வருவதால், பொதுவாக அதன் அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் முன்கூட்டியே பெற வேண்டியிருக்கும்.