பி.டி. பருத்தியில் புழு: விதை போலியா?

கேள்வி: பெரம்பலூர் பக்கம் மூன்று ஏக்கரில் பி.டி. பருத்தி போட்டிருக்கிறேன். பச்சைக் காயைப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்புப் புழு. விதை போலியா? "பழைய பி.டி. செத்துப்போச்சு, அடுத்த வருஷம் பிஜி-3 போடுங்க, இப்போ பி.டி. தூள் அடிங்க" என்கிறார் கடைக்காரர். கேட்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். உங்கள் விதை நல்ல விதையாகவே இருக்கலாம். மாறிப்போனது புழுவின் குடல்.

பி.டி. என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா; அதன் நச்சைச் செடியே உண்டாக்கும்படி செய்த பருத்திதான் பி.டி. பருத்தி. அந்த நச்சு பட்டவுடன் கொல்லும் மருந்து இல்லை. புழு அதைத் தின்ன வேண்டும், குடல் சுவரில் அதற்கென உள்ள புரதத்தில் நச்சு போய் ஒட்ட வேண்டும். சுவரில் ஆணி இருந்தால்தானே சட்டையை மாட்டலாம்? அந்த ஆணிதான் ஏற்பி. ஒட்டிய இடத்தில் நச்சு ஓட்டை போடும், புழு தீனியை விட்டு சில நாளில் சாகும். ஆணி உருமாறிவிட்டால் நச்சு வழுக்கிக்கொண்டு போய்விடும்.

2002-ல் வந்த பி.டி. பருத்தியில் ஒரு நச்சுதான். 2006-ல் வந்த பிஜி-2-ல் (போல்கார்டு-2 என்ற ரகத் தொழில்நுட்பம்) இரண்டு, இரண்டுக்கும் வேறு வேறு ஆணி. முதல் நச்சை குஜராத்தில் இந்த இளஞ்சிவப்புப் புழு தாங்குவது 2010-லேயே வெளியே வந்துவிட்டது. சில ஆண்டுகளில் இரண்டாவதும் போயிற்று. விதைப் பெட்டியோடு 120 கிராம் சாதா (பி.டி. இல்லாத) விதைப் பொட்டலம் கொடுத்தார்களே, ஓரத்தில் விதைக்க? அதில் வளரும் அந்துப்பூச்சிக்கு ஆணி நல்லபடி இருக்கும். எதிர்ப்புள்ள பூச்சி அதோடு சேர்ந்தால் பிறக்கும் புழு பெரும்பாலும் நச்சுக்குச் சாகும். இதை வயலுக்கு வந்து சொல்ல ஓர் ஆள் இல்லை. பொட்டலம் குப்பைக்குப் போனது, பழி மட்டும் விவசாயி மேல்.

இப்போது அந்த பிஜி-3. அப்படி ஒரு பருத்திக்கு நம் நாட்டில் அனுமதியே கிடையாது. அந்தப் பெயரில் சுற்றுவது பெரும்பாலும் களைக்கொல்லி தாங்கும் திருட்டு விதை. களைக்கொல்லி தாங்கும் குணம் புழுவின் குடலை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. பில் தரமாட்டார்கள். பயிர் போனால் புகார் கொடுக்கக்கூட உங்கள் கையில் காகிதம் இருக்காது. பில் இல்லாத விதையைத் தொடாதீர்கள்.

தூளும் வீண். முட்டையிலிருந்து வந்த புழு சீக்கிரமே பூவுக்குள்ளோ காய்க்குள்ளோ போய்விடும், நுழைந்த துளையும் மூடிக்கொள்ளும். போதாததற்கு, தூளில் இருப்பதும் அதே வகை நச்சுகள்தான்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பச்சை நிறத்தில் வரும் காய்ப்புழு வேறு இனம். அதன் ஆணி பெரும்பாலும் இன்னும் சரியாகவே இருக்கிறது, பி.டி. இன்றும் அதைக் கொல்கிறது. ஆனால் நூறு நாள் தாண்டிய செடியில் நச்சு குறையும், காயில் இலையைவிடக் குறைவு. அதனால் கடைசிக் காலத்தில் ஒன்றிரண்டு பச்சைப்புழு தென்படும். அது குடலின் குற்றம் இல்லை, செடியின் வயசு. அதைப் பார்த்துவிட்டு விதை கெட்டது என்று கடைக்கு ஓடாதீர்கள்.

செய்ய வேண்டியது: எக்டேருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சியின் வாசனை காட்டி ஆண் அந்துப்பூச்சியை இழுப்பது) வையுங்கள். பொறிக்கு 8 அந்துப்பூச்சி வீதம் மூன்று இரவு தொடர்ந்து விழுந்தால் வேளாண் அலுவலரைக் கேட்டு மருந்தடியுங்கள். இதழ் விரியாமல் ரோஜா மொட்டுபோல் ஒட்டிக்கிடக்கும் பூவைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே புழு இருக்கும். கிள்ளி எடுத்து அழித்துவிடுங்கள். அடுத்த வெடிப்புக்கு ஆசைப்பட்டுச் செடியை நீட்டாதீர்கள், வெட்டிய செடியை மறுபடி துளிர்க்கவிட்டு மறுதாம்பு எடுக்காதீர்கள். பருத்திமாரை (அறுவடை முடிந்த காய்ந்த செடியை) வரப்பில் அடுக்கிவைக்கிறீர்களே, அதில் ஒட்டியிருக்கும் காய்ந்த காய்க்குள்தான் அடுத்த பருவத்துப் புழு உறங்குகிறது.