எதைத் தலையில் கட்டுவது?

கேள்வி: அக்கா, மவுண்டன் பைக் ஓட்ட ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. வாராவாரம் நாலைந்து பேர் சேர்ந்து காட்டுப் பாதைகளில் ஓட்டுகிறோம். அதையெல்லாம் படம் பிடிக்க ஆசை. ஒருவன் கோப்ரோ வாங்கு என்கிறான், இன்னொருவன் டிஜேஐ என்கிறான். மூன்றாமவன் 360 டிகிரி கேமரா தவிர எதுவும் வீண் என்கிறான். 4கே, 5.3கே, 8கே என்று எண்களைப் பார்த்தே தலை சுற்றுகிறது. பேசாமல் போனையே ஹேண்டில்பாரில் மாட்டிவிடலாமா?

பதில்: தம்பி, போன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். விழுந்தால் உடையும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இப்போதைய போன்களில், கை நடுங்கினாலும் படம் நடுங்காமல் இருக்க, லென்ஸை அசைத்துச் சரிக்கட்டும் சின்னஞ்சிறு அமைப்பு ஒன்று இருக்கும். மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வில் அது பழுதாகலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்தது. கல்லும் வேருமாகக் கிடக்கும் பாதையில் நம் ஹேண்டில்பார் படும் பாடு உங்களுக்கே தெரியும்.

சரி, கேமராவுக்கு வருவோம். எதை வாங்குவது என்று எல்லோரும் கேட்கிறார்கள், எங்கே கட்டுவது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. முதல் கேமரா வந்த அன்றே ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் 52 நிமிடப் படம், மரமெல்லாம் ரப்பர் மாதிரி நெளிகிறது. இந்தக் கேமராக்களின் சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு, ஒரு காட்சியை ஒரே கணத்தில் மொத்தமாக விழுங்குவதில்லை. மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கும். படித்து முடிப்பதற்குள் ஹேண்டில்பார் அதிர்ந்தால் வரிகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும். அதுதான் அந்த நெளிவு.

அடுத்த வாரம் நெஞ்சில் கட்டினேன். 40 நிமிடம் என் முன் டயரை மட்டும் படம் பிடித்து வந்தேன்! இறக்கத்தில் பெடல் மேல் எழுந்து நின்று உடம்பை முன்னால் சாய்க்கிறோம், நெஞ்சு தரையைப் பார்க்கிறது, கேமராவும் அதையே பார்க்கிறது. அதனால் நெஞ்சுப் பட்டையில் மாட்டும்போது, நிமிர்ந்து நின்றால் கேமரா வானத்தைப் பார்க்கிற அளவுக்கு அதை நிமிர்த்தி வையுங்கள். பார்க்கிறவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

ஹெல்மெட் உச்சியில் வைத்தால் படம் நன்றாக வழுக்கிக்கொண்டு போகும். முழங்கால், இடுப்பு, கழுத்து என்று உடம்பே சஸ்பென்ஷனாக வேலை செய்கிறது. ஆனால் அந்த உயரத்திலிருந்து பார்த்தால் பாதை சப்பென்று ஆகிவிடும். அகலக் கோண லென்ஸ் ஏற்கெனவே எல்லாச் சரிவையும் சமதளமாக்கிக் காட்டுவது. நான் நெஞ்சு படபடக்க இறங்கிய ஆள் உயரப் பாறையைப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, இது வாசல்படி மாதிரி இருக்கே" என்றான் என் தங்கை மகன். தாழ்ந்த கிளைகள் வேறு கேமராவைத் தட்டும்.

நெஞ்சில் இருந்தால் கை, ஹேண்டில்பார், மேலும் கீழும் போய்வரும் முன் சஸ்பென்ஷன் எல்லாம் படத்துக்குள் வரும். பார்க்கிறவருக்கு வேகம் உறைக்கும், சரிவும் ஓரளவு தெரியும். ஏற்றத்தில் மிதிக்கும்போது மட்டும் தோள் ஆடி ஆடிப் படமும் தூளியாடும். அதை வெட்டிவிடலாம், ஏற்றத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? முகம் முழுதும் மூடும் ஹெல்மெட் அணிகிறவர் என்றால் தாடைப் பகுதிதான் ஆகச் சிறந்த இடம். கண் பார்ப்பதை ஏறக்குறைய அதே உயரத்தில் கேமராவும் பார்க்கும். ஆனால் அங்கே எடை உறுத்தும். கோப்ரோ ஹீரோ 11 பிளாக் 153 கிராம், டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் 4 145 கிராம். கட்டைவிரல் அளவுள்ள இன்ஸ்டா360 கோ 3எஸ் 39 கிராம்தான். நாள் முழுக்கத் தாடையில் சுமக்க அந்தச் சின்னதே மேல், அதன் சென்சாரும் சின்னது என்பதை மறக்காமல் இருந்தால்.

சென்சார் என்றதும் உங்கள் விஷயத்தில் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். நீங்கள் ஓட்டுவது காட்டுக்குள். ஆக்‌ஷன் கேமராக்கள் எல்லாமே வெயிலில் அழகாகத்தான் எடுக்கும். மர நிழலுக்குள் நுழைந்ததும்தான் சாயம் வெளுக்கும். வெளிச்சம் குறைந்தால் கேமரா ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கப் பார்க்கும். அந்த நேரத்துக்குள் கேமரா குலுங்குவதால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் (வீடியோவின் தனித்தனிப் படம்) இலையும் கல்லும் இழுவிவிடும். குலுக்கலை அடக்கும் ஸ்டெபிலைசேஷன் என்ன செய்யும்? ஃப்ரேம்களை நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்று ஒழுங்காக அடுக்கும். இழுவிய படத்தை அதனால் துடைக்க முடியாது. விளைவு, படம் ஆடாமல் நிற்கும், உள்ளே மட்டும் என்னவோ விட்டு விட்டுத் துடிக்கும். கேமரா கெட்டுப்போய்விட்டது என்று பலர் நினைத்துக்கொள்வது இதைப் பார்த்துத்தான்.

ஆகவே காட்டுக்குப் பெரிய சென்சார் வேண்டும். ஆஸ்மோ ஆக்‌ஷன் 4 (2023), ஆக்‌ஷன் 5 புரோ (2024), இன்ஸ்டா360 ஏஸ் புரோ (2023) மூன்றிலும் சென்சார் 1/1.3 அங்குல வகை. கோப்ரோ ஹீரோ 11, 12, 13 பிளாக் மூன்றிலும் அது 1/1.9 அங்குல வகை, அதாவது சிறியது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் மூன்றில் ஒன்றை எடுப்பேன். கோப்ரோவைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். 8:7 என்ற விகிதத்தில் கிட்டத்தட்டச் சதுரமாக எடுக்கும் அதன் வசதி நெஞ்சில் கட்டுகிறவருக்கு வரப்பிரசாதம், ஹேண்டில்பாரும் தூரத்துப் பாதையும் ஒரே படத்தில் அடங்கும். மரமில்லாத திறந்த மலைகளில் ஓட்டுகிறவர் கேட்டிருந்தால் என் பதில் மாறியிருக்கும். விமர்சன வீடியோ பார்க்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். ஓட்டுகிறவர் வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழையும் பத்து நொடியை மட்டும் திரும்பத் திரும்பப் பாருங்கள். அந்தக் காட்சியே இல்லாத விமர்சனத்தை மூடிவிடுங்கள்.

எண்களைப் பற்றி இவ்வளவுதான்: 4கே, நொடிக்கு 60 ஃப்ரேம், போதும். இருட்டான பாதை என்றால் 30. ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டும் என்ற அளவு, அதன் உச்சத்தை 1600-ல் கட்டிப்போடுங்கள், இல்லாவிட்டால் புள்ளி புள்ளியாகக் கொட்டும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகிறது. ஆகவே மெமரி கார்டில் வி30 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்று அர்த்தம். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கஞ்சத்தனம் பண்ணுகிறவர்கள் கார்டில்தான் பண்ணுகிறார்கள். அப்புறம் நல்ல இறக்கத்தின் நடுவில் பதிவு நின்றுபோகும். படத்தை எப்போதும் கிடைமட்டமாகவே நிறுத்தும் வசதி ஒன்று இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். வளைவில் பைக்கோடு சேர்ந்து உலகமே சாய வேண்டும், அதற்காகத்தானே ஓட்டுகிறோம்.

360 டிகிரி கேமராவைச் சொன்ன நண்பர் முழுக்கத் தவறில்லை. முன்னால் பின்னால் எல்லாம் பதிவாகும், எந்தப் பக்கம் காட்டுவது என்று வீட்டில் தீர்மானிக்கலாம். ஆனால் 2024-ல் வந்த இன்ஸ்டா360 எக்ஸ்4 எடுக்கும் 8கே என்பது சுற்றியுள்ள உலகம் முழுவதற்கும் சேர்த்து. அதில் நீங்கள் வெட்டி எடுக்கும் ஒரு பக்கத்துக்கு 4கே தெளிவுகூட வராது. லென்ஸ் இருபுறமும் புடைத்துக்கொண்டு நிற்பதால், விழுந்தால் முதலில் அடிபடுவது அதுதான். கண்ணாடியைக் கழற்றி மாற்றும் வசதி 2025-ன் எக்ஸ்5-ல்தான் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே எடிட்டிங். எனக்கு ஒரு மணி நேர ஓட்டத்தை வெட்டி முடிக்க ஒரு முழு ராத்திரி போனது. இரண்டாவது கேமராவாக வாங்குங்கள், முதலாவதாக வேண்டாம்.

கேள்வி: பாதி ஓட்டத்தில் பேட்டரி தீர்ந்துவிடுகிறது, நல்ல இறக்கம் எப்போதும் கடைசியில்தான் வருகிறது. என்ன செய்ய?

பதில்: எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். ஒரே அழுத்தில் கேமரா விழித்து, தானே பதிவைத் தொடங்கும் வசதி இப்போது எல்லா நல்ல கேமராவிலும் உண்டு. இறக்கத்தின் தலைப்பில் நின்று ஒருமுறை அழுத்துங்கள், அடியில் ஒருமுறை. கையுறையோடு அழுத்தி வீட்டிலேயே பழகுங்கள். "பீப்" சத்தத்தையும் விட்டு வையுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டு, ஓடும்போதெல்லாம் நிறுத்தி, நின்றபோதெல்லாம் எடுத்து வந்த பெருமை எனக்கு உண்டு. பேட்டரி ஒன்றுக்கு ஒரு மணி நேரம் சொச்சம் என்று கணக்கு வைத்து இரண்டு எடுத்துப் போங்கள். குளிர் நாளில் உபரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். லித்தியம் பேட்டரி குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் பழைய கோப்ரோ தருவதாகச் சொல்கிறார். ஹீரோ 7-ஆம். வாங்கலாமா அக்கா?

பதில்: ஹீரோ 7-ல் எது என்று கேளுங்கள். 2018-ல் மூன்று வந்தன: வெள்ளை, சில்வர், பிளாக். குலுக்கலை அடக்கும் ஹைப்பர்ஸ்மூத் பிளாக்கில் மட்டும்தான் உண்டு. மற்ற இரண்டும் கல் பாதைக்கு ஆகாது. ஒருவேளை அவர் எடுத்து நீட்டுவது ஹீரோ 8 என்றால் லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அந்த மாடலில் முன் கண்ணாடியைக் கழற்றி மாற்ற முடியாது. கீறல் இருந்தால் இருந்ததுதான். பேட்டரியை எடுத்து மேஜையில் வையுங்கள். உப்பியிருந்தால் தட்டையாக உட்காராமல் சுழலும். பக்கவாட்டு மூடியைத் திறந்து உள்ளே ஓடும் ரப்பர் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். அது கிழிந்திருந்தால் 10 மீட்டர் ஆழம் தாங்கும் என்ற கணக்கெல்லாம் செல்லாது, ஓடையைத் தாண்டும்போது தெறிக்கும் தண்ணீரே போதும்.