மெர்சே என்னும் பெயர்

கேள்வி: பார்சிலோனாவில் செவிலியராகப் பணிபுரியும் என் தம்பி மகள் தன் குழந்தைக்கு ‘மெர்சே’ என்று பெயர் வைத்திருக்கிறாள். “கார் பேரையா பிள்ளைக்கு வைப்பாவ?” என்று எங்கள் அம்மா கேட்கிறார். இப்பெயரின் பொருள் என்ன?
– வாசகி, களியக்காவிளை

பதில்: கார்தான் ஒரு சிறுமியின் பெயரை வாங்கிக்கொண்டது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். எமில் ஜெல்லினெக் என்ற வணிகருக்காக 1901ஆம் ஆண்டு டைம்லர் நிறுவனம் செய்த காருக்கு அவருடைய மகள் மெர்சிடிஸின் பெயர் சூட்டப்பட்டது. அந்த ஸ்பானியப் பெயருக்கு, பார்சிலோனாப் பகுதியின் மொழியான காத்தலானில் இணையான பெயரே மெர்சே. கடைசி அசையை அழுத்திச் சொல்ல வேண்டும்.

இலத்தீனில் ‘மெர்செஸ்’ என்பது கூலியையும் விலையையும் குறித்து, பிற்காலத்தில் தயவு, கருணை என்று பொருள் விரிந்த சொல். 1218இல் பேரே நொலாஸ்க் பார்சிலோனாவில் நிறுவிய துறவற சபை, முஸ்லிம் ஆட்சிப் பகுதிகளில் சிறைப்பட்டிருந்த கிறித்தவர்களைப் பணம் கொடுத்து மீட்பதையே தன் பணியாகக் கொண்டிருந்தது. அச்சபையார் போற்றிய மரியன்னையின் பட்டமாக ‘மெர்சே’ நிலைத்தபோது, விலையும் கருணையும் ஒரே சொல்லில் கலந்துவிட்டன. அடகு நகைக்கும் ஆன்மாவுக்கும் ‘மீட்பு’ என்ற ஒரே சொல்லை ஆளும் நமக்கு இது எளிதில் விளங்கும்.

உங்கள் பக்கத்துக்கு இவ்வன்னை அந்நியர் அல்லர். கன்னியாகுமரிக் கடலோரத்து உபகார மாதா ஆலயமும் கொச்சியை அடுத்த வல்லார்பாடத்துப் பேராலயமும் இவருக்கு உரியவையே. பார்சிலோனாவின் பாதுகாவலியான மெர்சே அன்னைக்கும் வல்லார்பாடத்து அம்மைக்கும் திருநாள் ஒன்றுதான்: செப்டம்பர் 24. சிறைப்பட்டோரை மீட்ட அன்னையின் சன்னிதியில், வல்லார்பாடத்துக்கு வரும் பக்தர்கள் தங்களையும் பிள்ளைகளையும் ‘அடிமை’யாக ஒப்படைக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் முரண்.

மரியன்னையின் பட்டங்களைப் பெண்களுக்குப் பெயராக்குவது காத்தலான் மக்களிடையே பழைய வழக்கம். பனிமய மாதாவிடமிருந்து ‘நெவுஸ்’, வியாகுல மாதாவிடமிருந்து ‘டோலோர்ஸ்’, ஜெபமாலை மாதாவிடமிருந்து ‘ருசே’ என்ற பெயர்கள் வந்தன. நம் கடற்கரை ஊர்களின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டுவது போலவே இருக்கிறது, இல்லையா? பூட்டியம்மாவின் நாவில் ‘மெர்சே’ புரளாவிட்டால், ‘உபகாரம்’ என்றே கூப்பிடட்டும். பொருள் அப்படியே பொருந்தும்.