கோடையில் வரும் கிறிஸ்துமஸில் பண்டிகைக் களை இருக்குமா?

ஆஸ்திரேலியாவில் கிறிஸ்துமஸ் கடும் கோடையில் வருகிறதே, பனி இல்லாத பண்டிகை சப்பென்று இருக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். திருநெல்வேலிப் பக்கம் வளர்ந்த நான் பனிப்பொழிவை வாழ்த்து அட்டைகளில் மட்டுமே பார்த்தவன் என்பதால், மெல்பர்னில் குடியேறிய பிறகு அது எனக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை. இருட்டு இல்லாததுதான் பழகுவதற்குச் சிரமமாக இருந்தது.

நம் ஊரில் மார்கழி மாதம் ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்து, வாசலில் தொங்கும் காகித நட்சத்திரத்துக்குள் விளக்கு எரியத் தொடங்கிவிடும். கேரல் பவனி வீடு வீடாக வருவதும், நள்ளிரவுத் திருப்பலியும், விடியுமுன் தொடங்கும் ஆராதனையும் இருட்டை நம்பியே நடப்பவை. மெல்பர்னிலோ அன்று சூரியன் மறைய ஏறத்தாழ 8.40 ஆகிவிடும். வீட்டு முகப்புகளில் சரவிளக்கு கட்டுகிறார்கள் என்றாலும், அதைப் பார்க்கக் குழந்தைகள் தூக்கத்தைத் தள்ளிப்போட வேண்டியிருக்கிறது.

ஆகவே இங்கே பண்டிகையின் மையம் மதிய விருந்துதான். 35 பாகைக்கு மேல் வெயில் காயும்போதும் வான்கோழியை ஓவனில் வேகவைக்கும் பழைய பிரிட்டிஷ் பழக்கத்தைச் சிலர் விடவில்லை. பெரும்பாலானோர் குளிரவைத்த இறால், ஹாம் எனும் பன்றித் தொடை இறைச்சி, பழங்கள் அடுக்கிய பாவ்லோவா எனும் முட்டைவெள்ளை இனிப்பு ஆகியவற்றோடு முடித்துக்கொள்கிறார்கள். சித்திரை, வைகாசிக்கு உரிய மாம்பழம் கிறிஸ்துமஸ் மேசையில் இருப்பது எனக்கு இன்றும் விந்தைதான். காட்டுத்தீ அபாயத்தால் முழுத் தீத்தடை அறிவிக்கப்பட்டால் விறகிலும் கரியிலும் கறி வாட்ட முடியாது.

இருட்டுக்காக ஊரே காத்திருக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. நார்மன் பேங்க்ஸ் என்ற வானொலி அறிவிப்பாளர், மூதாட்டி ஒருவர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தனியாக அமர்ந்து வானொலியோடு சேர்ந்து பாடுவதைச் சன்னல் வழியே கண்டு, 1938இல் மெல்பர்ன் பூங்கா ஒன்றில் தொடங்கிய மெழுகுவத்திப் பாடல் விழா அது. இப்போது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், மெல்பர்னிலேயே உள்ள சிட்னி மையர் என்ற இசையரங்கில் நடக்கிறது. பார்வைக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அதன்வழி நிதி திரட்டுகிறார்கள். தொடங்கும்போது வெளிச்சம் இருக்கும். பாடப் பாடத்தான் மெழுகுவத்திகளுக்கு மதிப்பு கூடும்.

குளிரும் கணப்பும் வேண்டுவோருக்காகச் சிட்னிக்கு மேற்கேயுள்ள புளூ மவுண்டன்ஸ் விடுதிகள் ஜூலையிலும் கிறிஸ்துமஸ் விருந்து வைக்கின்றன. விருந்தில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால், மறுநாள் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் டெஸ்ட் ஆட்டம் தொடங்காத கிறிஸ்துமஸை என் அண்டை வீட்டார் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.